இருபத்து நால்வருள் எங்கள் மகன்

ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் பிள்ளையை, ஓராண்டு முழுவதும், மொழியறியாத மாநிலத்துக்கு அனுப்பி வைக்கலாமா என்று நம் சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற பொதுக்கூட்டத்தின்போது எங்களை வினவினார். அவருடைய மகளின் பெயர் பள்ளி வெளியிட்ட பட்டியலில் வந்துவிட்டதாம். அன்று நாங்கள் அளித்த விடை அரைகுறையானது; கூட்டம் கலைந்துகொண்டிருந்தது, கடைசிப் பேருந்துக்கும் நேரமாகிவிட்டது. முழு விடையையும் இவ்விதழிலேயே எழுதிவிட்டால் அவருக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் பயன்படக்கூடும் என்று கருதினோம். இதனை எழுதுகின்ற எங்களுள் ஒருவர் தந்தை, மற்றவர் தாய். எல்லாவற்றிலும் இருவருக்கும் ஒரே கருத்து என்று வாசகர்கள் கொள்ள வேண்டா. ஒத்துவராத இடங்களை ஒளிக்காமலே சொல்லியிருக்கிறோம்.

முதலில், செய்தி தெரியாதவர்களுக்காகச் சில சொற்கள். நடுவண் அரசு நடத்தும் ஜவகர் நவோதய வித்தியாலயங்கள் 1985-86 ஆம் கல்வியாண்டில் அரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராட்டிரத்தின் அமராவதியிலும் முதன்முதலாகத் தோன்றின. 1986 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அவற்றுக்கு உருவம் கொடுத்தது. மாவட்டத்துக்கு ஒன்று என்னும் கணக்கில் இன்று அறுநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பில் நுழைவுத்தேர்வின் வழியே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே தங்க வைத்துப் படிக்க வைக்கின்றனர். உணவும் உறையுளும் உடையும் நூல்களும் இலவசம். இடங்களில் நூற்றுக்கு 75 நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கு உரியவை. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அனல்மின் நிலையக் குடியிருப்புகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டிய ஊர்களிலும் பிழைக்க வந்த நம்மவரின் பிள்ளைகள் சிலரும் இத்தேர்வை எழுதி உள்ளே சென்றிருக்கின்றனர். எங்கள் மகன் அவ்வாறு சென்றவன்.

அப்பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. இந்தி வழங்கும் பகுதியின் பள்ளி ஒன்றும் இந்தி வழங்காத பகுதியின் பள்ளி ஒன்றும் இணை சேர்க்கப்பட்டிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் நூற்றுக்கு 30 பேர் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் ஓராண்டுக்கு இடம் மாறுவர். வகுப்பில் 80 பேர் இருந்தால் 24 பேர் செல்ல வேண்டும். ஆசிரியர்கள் உடன் சென்று கொண்டுபோய் விடுவர். ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் தம் பள்ளிக்கே திரும்பிப் பத்தாம் வகுப்பைத் தொடர்வர். எல்லாப் பள்ளிகளிலும் பாடத்திட்டம் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தினுடையது. அந்த வகுப்பில் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடப்பவை. ஆகவே ஊர் மாறினாலும் பாடம் மாறுவதில்லை. மாறுவது சோறும், நீரும், காதில் விழும் மொழியும். சென்ற இடத்து மொழியை மூன்றாம் மொழியாகக் கற்பிக்கின்றனர். நாட்டின் ஒரு மூலையில் வளரும் பிள்ளை மற்றொரு மூலையைக் கண்ணால் காணட்டும் என்பதே நோக்கம். சேர்க்கும்போதே பெற்றோர் இதற்கு ஒப்புதல் எழுதிக் கொடுத்துவிடுகின்றனர். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், மூன்றாண்டு கழித்து வரப்போவதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? நாங்களும் படிக்காமலே கையெழுத்திட்டவர்கள்தாம்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் இப்பள்ளி ஒன்றுகூட இல்லை. 1968 முதல் இருமொழிக் கொள்கையைக் கடைப்பிடிக்கும் மாநிலம் அது. மூன்று மொழி கற்பிக்கும் இப்பள்ளிகளை அது ஏற்கவில்லை. வழக்குமன்றம் வரை சென்ற அவ்வாதத்தில் நுழைவது எங்கள் கருத்தன்று. புதுவை, காரைக்கால் பள்ளிகள் இருப்பதால் தமிழ் மண்ணுக்கு வரும் வடபுலத்துப் பிள்ளைகள் சிலராவது உண்டு. ஆனால் வேடிக்கை பாருங்கள்! நாடெங்கும் இப்பள்ளிகளில் மாணவர்களை நான்கு இல்லங்களாகப் பிரித்து ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று மலைப் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். எங்கள் மகன் நீலகிரி இல்லத்தான். நீலகிரி எங்கே இருக்கிறது என்று அவனுடைய நண்பர்கள் கேட்டால், தன் பாட்டனார் ஊருக்கு அப்பால் என்று பெருமையாகச் சொல்வானாம். எங்கள் ஊர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. நீலகிரிக்கும் அதற்கும் உள்ள தொலைவை அவனிடம் நாங்கள் விளக்கவில்லை.

பள்ளிப் பருவத்தின் நடுவே ஒரு பகுதியை வேறோர் இடத்தில் கழிக்கும் ஏற்பாடு பிற நாடுகளிலும் இருக்கிறது. அமெரிக்காவில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் அரையாண்டுக்கு மட்டும் தம் பள்ளியை விட்டு இத்தகைய தனிப்பள்ளிகளுக்குச் செல்கின்றனர். வெர்மான்ட் மாநிலத்து மலைப்பகுதியில் 1984 இல் தொடங்கிய 'மவுன்டன் ஸ்கூல்' என்பதில் பிள்ளைகள் பாடத்தோடு பண்ணை வேலையும் செய்கின்றனர். ஆடு மாடுகளைப் பேணுகின்றனர், விறகு பிளக்கின்றனர். மெய்ன் மாநிலக் கடற்கரையில் 1988 முதல் இன்னொன்று நடந்து வருகிறது. ஆனால் அங்கெல்லாம் விரும்பிய பிள்ளை விண்ணப்பம் போட்டு, பெருந்தொகை கட்டிச் செல்கிறது. வசதி குறைந்தோர்க்கு உதவித்தொகை உண்டு. இங்கோ ஏழை உழவனின் பிள்ளை அரசின் செலவில் செல்கிறது. விருப்பத்தைத்தான் அவ்வளவாக யாரும் கேட்பதில்லை.

எங்கள் மகனையும் கேட்கவில்லை. அவனுடைய பள்ளியில் தாமாக முன்வந்தவர் 15 பேர்; எஞ்சிய ஒன்பது பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தனர். கருநாடகத்தின் தென்பகுதியிலுள்ள ஒரு பள்ளி என்று முடிவாயிற்று. பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே 'இந்தி பேசும் பகுதி மாணவன்' என்று எழுதியிருந்தது. விதியின்படி அது சரியே. ஆயினும் அவ்வரியைக் கண்டதும் எங்களுள் தந்தைக்குச் சற்றே சுருக்கென்றது. இருபத்திரண்டு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு இந்நகரின் நிலையத்தில் இறங்கி, இந்தியில் ஒரு சொல்லும் அறியாமல் நின்றவர் அவர். அவர் பெற்ற பிள்ளை இந்திக்காரப் பிள்ளையாக எண்ணப்பட்டுத் தெற்கே அனுப்பப்படுகிறான்! தாய்க்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு; அதற்கு அடித்தளம் ஒன்பதாம் வகுப்பு. அதைப் போய் அயலூரில் படிப்பதா? காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் யார்? இந்த இரண்டையுமே திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டுக்கும் தந்தையிடம் விடையில்லை. "நான் வரவில்லையா?" என்பதையே விடையாகச் சொன்னார். "நீங்கள் இருபத்திரண்டு, அவன் பதினான்கு" என்று அவர் வாயை அடைத்தாயிற்று.

சூலைத் திங்களில் புறப்பாடு. ஆடைகளிலெல்லாம் பெயரை நூலால் தைத்தோம். மழைக்கு ஒரு குடை, ஒரு கம்பளி, இரும்புப் பெட்டி, பூட்டு. தாய் எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியைத் துணியில் சுற்றி அடியில் வைத்தார். வழியிலேயே அது உடைந்து கணக்கு நூலின் முதற் பன்னிரண்டு பக்கங்களைச் செந்நிறமாக்கிவிட்டது என்பது பின்னர்த் தெரிந்தது. நிலையத்தில் 24 பிள்ளைகளும் நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர்களுள் எட்டுப் பேர் பெண்கள். பலருடைய பெற்றோர் சிற்றூரிலிருந்து முதல்நாள் இரவே வந்து நடைமேடையில் படுத்திருந்தனர். ஒரு முதியவர் தம் பேரனிடம் கருநாடகம் இந்தியாவுக்குள்தான் இருக்கிறதா என்று இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். வண்டி நகர்ந்தபோது அழுதவர்கள் பெரியவர்களே.

முதல் மாதம் தொலைபேசியில் வந்ததெல்லாம் உணவைப் பற்றிய முறையீடு. வாரத்துக்கு ஒருமுறை, வரிசையில் நின்று, ஐந்து மணித்துளி பேசலாம். அந்த ஐந்தையும் ராகி உருண்டை விழுங்கிவிட்டது. அங்கே அதனை 'முத்தெ' என்பர்; மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். சப்பாத்தியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தொண்டையில் நின்றது. எங்கள் மகன் மட்டும், இது நம் பாட்டி கிண்டும் களிதானே என்று உண்டானாம். ஆனால் அவனும் ஓரிடத்தில் ஏமாந்தான். முதல் வாரத்தில் சமையற்காரர் 'சொப்பு' என்று சொல்லக் கேட்டு, சோப்பையா சோற்றில் ஊற்றுகிறார்கள் என்று அஞ்சித் தட்டைத் தள்ளிவிட்டான். கீரைக்கு அங்கே சொப்பு என்று பெயர்.

மொழியின் செய்தியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோம். ஆனால் அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நான்கு வாரம் அனுப்பினோம். பிறகு தேர்வு வந்தது, பிறகு மழை வந்தது, பிறகு நாங்கள் அனுப்பவில்லை. வீட்டுத் தமிழால் அவனுக்கு என்ன பயன் என்று உறவினர் கேட்டபோது நாங்களே சிரித்துக்கொண்டிருந்ததும் உண்டு. அந்தத் தமிழ்தான் அங்கே கைகொடுத்தது. கன்னட ஆசிரியை கரும்பலகையில் எண்களை எழுதி, ஐது, ஆறு, ஏளு, எண்டு, ஹத்து என்று ஒலித்தார். மற்ற இருபத்து மூவரும் நெட்டுருப் போட, இவன் மட்டும் அந்த ஹத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம். மறுநாள் பாலுக்கு ஹாலு என்றார்கள், பூவுக்கு ஹூவு, பல்லுக்கு ஹல்லு, பாம்புக்கு ஹாவு, புலிக்கு ஹுலி. ஒரு வாரத்துக்குள் தானே ஒரு விதி கண்டுகொண்டான்: அம்மா சொல்லும் சொல்லில் முதலில் நிற்கும் பகரத்தை எடுத்துவிட்டு ஹகரத்தை வை; பாதிக் கன்னடம் வந்துவிடும். பழங்கன்னடத்தில் பகரமாகவே இருந்த ஒலி பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது என்று மொழிநூலார் கூறுவதைப் பதினான்கு வயதுப் பையன் உணவுக்கூடத்தில் கண்டுபிடித்துவிட்டான். செவியைக் கிவி என்பதையும், சிவப்பைக் கெம்பு என்பதையும் கேட்டு, இங்கே சகரத்துக்குக் ககரம் என்று தன் குறிப்பேட்டில் இரண்டாம் விதியும் எழுதிவைத்தான். இரண்டு விதிகளும் எல்லாச் சொல்லுக்கும் பொருந்துவதில்லை என்பது தெரிவதற்குள் அவன் பேசத் தொடங்கிவிட்டான். தசராவுக்குள் 24 பேருக்கும் அவனே துவிபாஷி. கடைக்காரரிடம் விலை கேட்பதற்கும், விடுதி ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்பதற்கும் அவனை முன்னே தள்ளினார்கள்.

இனி, மனக்குறையையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் அவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அச்செய்தி எங்களை எட்டியது மூன்று நாளைக்குப் பிறகு. அதுவும் பள்ளியிலிருந்து அன்று, உடன் சென்ற மாணவி ஒருத்தியின் வீட்டின் வழியாக. தாய் கேட்ட கேள்வி மெய்யாகிவிட்டது. அங்கிருந்தோர் மருத்துவம் பார்த்ததில் குறையில்லை. தொலைவிலிருக்கும் பெற்றோருக்கு உடனே ஒரு சொல் சொல்ல வேண்டும் என்ற நினைவுதான் இல்லை. வேலை மிகுதி என்றார்கள். நானூறு ஐந்நூறு பிள்ளைகளைப் பேணுவோர்க்கு வேலை மிகுதிதான். எங்களுக்கு இருப்பது ஒருவன். தந்தை ஒன்றரை நாள் பயணம் செய்து சென்று சேர்ந்தார். பிள்ளை குணமாகிக் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். எல்லோர் முன்னும் அப்பா வந்து நிற்பது அவனுக்கு நாணமாகவும் இருந்தது. ஆனால் மற்றப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். எங்கள் ஊரில் மழை பெய்ததா, நெல் நட்டாயிற்றா, எங்கள் ஊர்ப் பேருந்து ஓடுகிறதா என்று இருபத்து மூவரும் வினவினர். அவர் யாருக்கும் ஒன்றும் வாங்கிச் செல்லவில்லை. பையிலிருந்த ஒரு பொட்டலம் முறுக்கை உடைத்து உடைத்துப் பகிர்ந்தார்; ஆளுக்கு ஒரு விரற்கடை வந்தது. பின்னர்ப் பள்ளி முதல்வரைக் கண்டு, மாணவர் நோயுற்றால் அன்றே தெரிவிக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பின் தவறாமல் தெரிவித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊர் திரும்பியதும் தாய் கேட்டது ஒன்றே: "நம்முடைய பள்ளிக்கும் கருநாடகப் பிள்ளைகள் வந்திருப்பார்களே, அவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள்?" எங்களுக்கு அது தோன்றவேயில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வந்து காணும் நாள். அன்று வளாகத்து மரங்களின் அடியிலெல்லாம் குடும்பம் குடும்பமாக அமர்ந்து உண்பார்கள். கருநாடகத்திலிருந்து வந்த பிள்ளைகள் மட்டும் விடுதி வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம். முதல்வரின் ஒப்புதல் பெற்று, செப்டம்பர் முதல் ஒவ்வொரு காணும் நாளிலும் அண்டாவில் புளியோதரையும் தயிர்ச்சோறும் கொண்டு சென்றோம். புளியோகரெ என்று கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள். எங்கள் மகனின் முதல் விதி இங்கே பலிக்கவில்லை. நம் சங்கத்து மகளிர் நால்வர் முறை வைத்துக்கொண்டு உதவினர். திசம்பரில் இங்கு அடிக்கும் குளிரை அப்பிள்ளைகள் அதற்கு முன் அறிந்ததில்லை; சங்கத்தார் திரட்டிக் கொடுத்த கம்பளி ஆடைகளைப் பற்றி ஆண்டறிக்கையில் ஒரு வரி வந்தது. ஒரு வரி போதாது என்பது எங்கள் எண்ணம். ஏனெனில் தமிழ்க் குடும்பங்கள் உள்ள எத்தனையோ மாவட்டங்களில் இப்பள்ளி இருக்கிறது, அங்கெல்லாம் அயலூர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாயிலில் நிற்கக்கூடும்.

படிப்பு என்ன ஆயிற்று என்று அன்பர் கேட்பார். மறைப்பானேன்? கணக்கில் மதிப்பெண் குறைந்தது. புதிய ஆசிரியரின் முறைக்குப் பழகுவதற்குள் முதற்பருவம் போய்விட்டது. பத்தாம் வகுப்பின் முதல் நான்கு மாதம் அதை ஈடுசெய்யவே செலவாயிற்று. தாய் இதனை இழப்பு என்றே இன்றும் எண்ணுகிறார். சொல்லாமலே ஒன்பதில் கற்ற மற்றவை அக்கணக்கில் வரா என்று தந்தை சொன்னால், பொதுத்தேர்வில் அவற்றுக்கு மதிப்பெண் உண்டா என்று மறுமொழி கிடைக்கும்.

இருவரும் ஒருசேர வாயடைத்துப் போன நாள் ஒன்று உண்டு. ஆண்டு முடிந்து வீட்டுக்கு வந்தவன், மறுநாட்காலை கன்னட நாளிதழ் ஒன்றைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து விரித்துச் சரளமாகப் படித்துக் காட்டினான். கன்னடத்தில் தன் பெயரையும் எங்கள் பெயரையும் எழுதினான். பிறகு சுவரில் தொங்கிய நம் சங்கத்து நாட்காட்டியைச் சுட்டி, "இது ஒன்றுதான் எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்றான். குற்றஞ்சாட்டும் குரல் அன்று அது, உள்ளதைச் சொன்னான். முன்பின் அறியாத ஓர் ஆசிரியை எட்டு மாதத்தில் அவனுக்கு ஒரு நெடுங்கணக்கைக் கற்பித்துவிட்டார். பதினோராண்டு நாங்கள் இருவரும் அவனோடு ஒரே கூரையின்கீழ் இருந்தோம். விடுதிக்குப் போனபின் விடுமுறைகளிலும் இருந்தோம். தாய் அன்று பிற்பகலே பலகை ஒன்றை வாங்கி வரச் சொன்னார். கன்னட எழுத்தை இடப்புறம் அவன் எழுத, அதற்குரிய தமிழ் எழுத்தை வலப்புறம் தாய் எழுதினார். ஹகரத்துக்கு நேரே எதை எழுதுவது என்று அவர் தயங்க, பகரத்தையே எழுதச் சொன்னானாம். அந்தக் கோடை முழுவதும் அது நடந்தது. இப்போது நாட்காட்டி படிக்கிறான். இவ்விதழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். இதனையும் அவன் படிப்பான் என்பதால் மேலே எழுதியவற்றில் இரண்டிடங்களில் அடக்கி வாசித்திருக்கிறோம்.

அன்பரின் மகள் சூலையில் புறப்படுகிறாள். அவருக்கு நாங்கள் சொல்லக்கூடியவை சில. சென்ற இடத்து விடுதி ஆசிரியரின் தொலைபேசி எண்ணைப் புறப்படுமுன்னே பெற்றுக்கொள்ளுங்கள். உடன் செல்லும் பிள்ளைகள் அனைவரின் வீட்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். எங்களுக்குச் செய்தி வந்தது அவ்வழியேதான். நீங்கள் பார்க்கச் சென்றால் ஒரு பிள்ளைக்கு வாங்காதீர்கள், 24 பேருக்கும் வாங்குங்கள். ஊறுகாய் வேண்டா. பெட்டிப் பூட்டுக்கு இரண்டு சாவி இருக்கும். ஒன்றை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு போதும். முதல் வாரத்திலேயே அவன் தன் சாவியைத் தொலைத்தான், பூட்டை உடைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் சாவியை உடன் செல்லும் ஆசிரியை கையில் கொடுத்தனுப்புங்கள்.